யார் பாஷை?

பொம்மையைப் பிரித்துப் பார்க்க ஆசைப்படாத பிள்ளை எங்கும் இல்லை. ஆனால் பிரித்த பொம்மையின் சுற்றை வேண்டுமென்றே குழப்பி, அதைச் செய்தவனே கேட்டிராத ஒலிகளை அதிலிருந்து வரவழைப்பது மேனாட்டில் ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது என்பதைச் சென்ற ஆண்டுதான் அறிந்தேன். 'சர்க்யூட் பெண்டிங்' என்று அதற்குப் பெயர். மின்சுற்றை வளைத்தல் என்று நாம் சொல்லலாம்.

அமெரிக்காவில் ஸின்ஸினாட்டி நகரைச் சேர்ந்த ரீட் கசாலா என்பவர் இதற்கு மூலபுருஷர். 1966-ஆம் ஆண்டு வாக்கில், அவர் பள்ளிச் சிறுவராயிருந்தபோது, பின்மூடி கழன்ற சிறிய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று அவருடைய மேஜை இழுப்பறையில் கிடந்தது. ஏதோ ஓர் உலோகம் உட்சுற்றில் பட, பெட்டி விசித்திரமாக ஊளையிட்டது. வேறொருவராயின் பாட்டரியைப் பிடுங்கிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார். அவரோ எங்கே தொட்டால் என்ன ஒலி வருகிறது என்று ஆராயத் தலைப்பட்டார். கலைக்குப் பெயர் சூட்டியது 1992-இல். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனி 1978-இல் வெளியிட்ட, எழுத்துக்கூட்டக் கற்பிக்கும் 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' என்னும் பேசும் பொம்மை இக்கலைஞர்களுக்கு மிகவும் பிரியமானது. கிண்ணங்களில் நீர் வார்த்து ஜலதரங்கம் வாசிக்கும் நாட்டினராகிய நமக்கு இதில் பெரிய வியப்பு இருக்க வேண்டியதில்லை.

கரக்பூரில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு இக்கலை வந்தது, பன்னிரண்டு வயதான என் மகன் மூலமாக. கோல் பஜாரில் தங்கைக்கென்று வாங்கிய பொம்மை ஒன்று ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. அதைத் திறந்தான். கரும்பொட்டுப் போன்ற பிசினுக்கடியில் மூளை மறைந்திருந்தது. அதை ஒன்றும் செய்ய இயலாது. ஆனால் அருகே ஒரு சிறு மின்தடை உண்டு. பேச்சின் வேகத்தை நிர்ணயிப்பது அதுவே. ஈரவிரலால் அதன் இருமுனைகளையும் தொட்டால், நம் உடலும் சுற்றில் ஒரு பாகமாகிவிடுகிறது. தடை குறைய, குரல் கீச்சென்று ஏறுகிறது. தடையை எடுத்துவிட்டு, பழைய ரேடியோவின் ஒலித்திருகியை அங்கே பொருத்தினால் குரலைப் பாதாளம் வரை இறக்கவும் செய்யலாம். மூன்று சிறு பாட்டரிகள், நாலரை வோல்ட்; கைக்கு ஆபத்தில்லை.

"காசு கொடுத்து வாங்கியதை இப்படியா?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். நான் பதில் சொல்வதற்குள் என் தாயார் கூடத்துக்கு வந்துவிட்டார்.

தாயார் எங்களோடு வந்து நான்கு ஆண்டுகளாகின்றன. ஊரில் தெருவையே பேச்சால் ஆண்டவர். இங்கே அண்டைவீட்டு வங்காளியும் ஹிந்தியும் புரியாமல், பேத்தியின் பொம்மை பேசுவதும் புரியாமல், பெரும்பாலும் மௌனமாகவே இருப்பார். அன்று அருகில் அமர்ந்து, "ஏண்டா, இது இப்போது யார் பாஷை பேசுகிறது?" என்றார்.

"யார் பாஷையும் இல்லை, பாட்டி."

"அப்படியானால் இங்கே கொடு."

விரலை நாவில் நனைத்து வைத்தார். அழுத்த அழுத்தக் குரல் ஏறியது, தளர்த்த இறங்கியது. ஏழெட்டு முறை முயன்ற பின் கிட்டத்தட்ட ஒரு தாலாட்டின் ஏற்ற இறக்கத்தைப் பிடித்துவிட்டார். பேத்தி சிரித்துப் புரண்டாள். அண்டைவீட்டு அம்மையாரும் வாசற்படியில் வந்து நின்றார். அவர் விரலையும் பிடித்து வைத்தவர் என் தாயார்தான். அன்று முதல் அவ்விருவருக்குள்ளும் ஏதோ ஒரு சம்பாஷணை நடந்துகொண்டிருக்கிறது; எந்த மொழியில் என்று எனக்கு விளங்கவில்லை.

முயல விரும்பும் வீட்டாருக்கு ஒரு வார்த்தை: பாட்டரியால் இயங்குவதை மட்டுமே திறக்கலாம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் எதையும் தொடவே கூடாது. என் மகனின் பார்வை இப்போது தாயாரின் ரேடியோமீது விழுந்திருக்கிறது. அதைப் பரண்மேல் ஏற்றி வைத்திருக்கிறேன்.