எறையூர்க் கரும்பும் அரும்பாவூர் உளியும்

பெரம்பலூருக்கு வடக்கே, வேப்பந்தட்டைத் தாலுகாவில் இருக்கிறது எறையூர். கரும்பு அரைக்கும் பருவத்தில் போனால் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. மூக்கே கொண்டுபோய் விட்டுவிடும். பாகும் புகையும் கலந்த அந்த வாசனை சிலருக்குக் குமட்டும். எனக்குப் பிடிக்கும்! பெரம்பலூர் சர்க்கரை ஆலை என்று பெயர்; அரசாங்க ஆலை. கரும்பு ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் எடை மேடைக்காக வரிசையில் நிற்கும்.

அந்த வரிசையில் நிற்கும் விவசாயியின் நிலைமையைப் பாருங்கள். வருஷம் முழுவதும் பாடுபட்டு வளர்த்த கரும்புக்கு அவர் விலை சொல்ல முடியாது. 1966-ம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி ஆலை கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச விலையை மத்திய சர்க்கார் நிர்ணயிக்கிறது. 2025-26 பருவத்துக்கு, நூற்றுக்கு 10.25 பிழிதிறனுள்ள கரும்பு என்றால், குவிண்டாலுக்கு 355 ரூபாய். 14 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பதும் அதே உத்தரவுதான். எறையூரிலேயே 2022-ல் சிப்காட் தொழிற்பூங்கா திறந்தார்கள். காலணித் தொழிலுக்குப் பேர்போன இடமாக அது வளர்ந்து வருகிறது. அங்கும் உழைப்பின் விலையைக் கம்பெனிதான் சொல்லும்.

இதே தாலுகாவில் பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் அரும்பாவூருக்கு வாருங்கள். கதை தலைகீழ்! இங்கே மரச்சிற்பம் செய்கிறார்கள். விலையை உளி பிடித்தவரே தம் வாயால் சொல்லியாக வேண்டும். அது எத்தனை சங்கடமான காரியம் என்பது, தைத்த ரவிக்கைக்குக் கூலி கேட்கக் கூசும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு நன்றாகத் தெரியும்.

வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் வேலை நடக்கிறது. ஒரே கட்டையில் முழு உருவத்தையும் எடுப்பதுதான் இவர்களுடைய பெருமை. முதலில் கட்டையின்மேல் அளவு பிரித்து உருவத்தை வரைந்து கொள்கிறார்கள். பிறகு வாச்சியால் வேண்டாத பாகத்தைச் செதுக்கித் தள்ளி, சிறிதும் பெரிதுமான உளிகளையும் கொட்டாப்புளியையும் கொண்டு முகம், விரல், நகை, மாலை என்று இறங்குகிறார்கள். கடைசியில் உப்புத்தாள் தேய்ப்பு. ஈரம் காயாத மரத்தில் அவசரப்பட்டுச் செதுக்கினால் பிற்பாடு வெடித்துவிடும். ஆகவே, மரம் சும்மா கிடந்து காய்கிற காலத்துக்கும் யாரோ பணம் முடக்கித்தான் ஆகவேண்டும். அச்சாரம் கேட்பது பேராசையல்ல. அது மரத்தின் விலை.

நீங்கள் போய் ஓர் அடிப் பிள்ளையாரைக் காட்டி விலை கேட்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒரு பேச்சுக்கு, 4,000 ரூபாய் என்கிறார். ‘இரண்டு அடியில் செய்து கொடுங்களேன், எட்டாயிரமாக வாங்கிக் கொள்ளுங்கள்’ என்று நீங்கள் தாராளமாகச் சொல்கிறீர்கள். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் உயரம் இரட்டித்தால் அகலமும் கனமும் கூடவே இரட்டிக்கின்றன. செதுக்க வேண்டிய பரப்பு நாலு மடங்கு. வாங்க வேண்டிய மரம் எட்டு மடங்கு! 16,000 கேட்டாலும் உழைப்புக்குச் சரியாகப் போகும்; மரத்துக்கு இன்னும் வேண்டும். இந்தக் கணக்கைச் சிரித்த முகத்துடன், குரல் தாழாமல் உங்களிடம் சொல்லத் தெரிந்தவர்தான் அடுத்த கட்டை வாங்குவார். ‘சாமிக்கு விலை பேசலாமா?’ என்று நாம் ஒரு தந்திரம் செய்வோமே, அதற்கும் மசியக் கூடாது. சாமிக்கு விலையில்லைதான், வாகைக் கட்டைக்கு உண்டே!

இவர் கூசினால் நஷ்டம் இவரோடு நிற்காது. பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்து உளி தீட்டும் பையனும் கணக்குப் போடத் தெரிந்தவன். மாதச் சம்பளத்துக்கு எறையூர் வெகு தூரமில்லை.

2020-ல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் அதே சமயம் கிடைத்தது. அரும்பாவூர் என்ற பெயரை வேறு ஊர்ச் சரக்கின்மேல் ஒட்டி விற்க இனிச் சட்டம் இடம் தராது. ஆனால் குறியீட்டைத் தம் சரக்கில் போட்டுக் கொள்ள, ஒவ்வொரு கைவினைஞரும் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகத் தம் பெயரைப் பதிந்து கொள்ள வேண்டும். பத்திரிகையில் செய்தி வந்ததோடு திருப்திப்பட்டு வீட்டில் இருந்துவிட்டால் பிரயோஜனமில்லை. அந்தப் பத்திரம் கையில் இருந்தால், தரகர் வந்து விலையைக் குறைக்கும்போது சிற்பி எடுத்துக் காட்டுவதற்கு ஒன்று இருக்கும்.

பெரம்பலூர்ப் பக்கம் போகிறவர்கள் ஒரு பகல் பொழுதை அரும்பாவூருக்கு ஒதுக்கலாம். சிற்பம் வாங்குவதானால் முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: வெடிப்பு இருக்கிறதா, ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று. விலை கேட்டால் சொல்வார்கள். வாகனம், கதவு என்று பெரிதாகக் கேட்பதானால் அச்சாரப் பணத்தையும் எடுத்துப் போங்கள்.