கிணற்றடியில் ஒரு கரும்புள்ளி

கதை தெரிந்த படத்தை மறுபடி பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. அடுத்து என்ன ஆகுமோ என்று மனம் அடித்துக்கொள்வதில்லை. கண்ணும் காதும் நிதானமாகத் தங்கள் வேலையைப் பார்க்கும். அப்படித்தான் சென்ற வாரம் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வை நாலாம் முறையாகப் பார்த்தேன். டேவிட் லீன் இயக்கி 1962-இல் வெளிவந்த படம். ஒளிப்பதிவு, ஒலி இரண்டுக்குமே ஆஸ்கார் பரிசு வாங்கியது.

பாலைவனத்தின் நடுவே ஒரு கிணறு. வழிகாட்டி தாபாஸ் தண்ணீர் சேந்துகிறான். லாரன்ஸ் பக்கத்தில் இருக்கிறான். தொடுவானத்தில் கானல் பளபளக்கிறது. அதற்குள் ஒரு கரும்புள்ளி முளைக்கிறது, நெளிகிறது, நீள்கிறது, ஒட்டகமாகிறது. அதன்மேல் கறுப்பு உடையில் ஓமர் ஷெரீப்! ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங் இதற்கென்று 482 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைக் கொண்டுபோயிருந்தார். அத்தகைய லென்ஸ் தூரத்தை மடித்து வைத்துவிடும். ஆள் வருகிறான், வருகிறான், வந்து சேரமாட்டேன் என்கிறான்.

படம் நெடுக, மணலைக் கண்டால் போதும், மாரிஸ் ஜாரின் வாத்தியங்கள் கிளம்பிவிடும். எனக்கு அதில் சற்றுச் சலிப்புக்கூட உண்டு. இங்கே மட்டும் வாத்தியங்கள் வாய் திறப்பதில்லை. ஒட்டகத்தின் காலடி மட்டும், முதலில் கேட்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி. நான் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினேன். வியர்த்துக் கொட்டியது, படத்துக்கு அதுவும் பொருத்தம்தானே?

தாபாஸ் துப்பாக்கியை எடுக்க ஓடுகிறான். லாரன்ஸ் அன்பளிப்பாகக் கொடுத்த துப்பாக்கி. ஒரு வெடிச் சத்தம். விழுகிறான். வேற்றுக் குலத்தான் எங்கள் கிணற்றில் குடிக்கலாமா என்பதுதான் சுட்டவன் சொல்லும் காரணம். இது ஒன்றும் நமக்கு அரேபியச் சரக்கு அல்ல. எந்தக் கிணற்றில் யார் வாளியை இறக்கலாம் என்று நம் ஊர்களும் சட்டம் வைத்திருந்தவைதான்.

காமிராவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் வருகிறவனைப் பற்றியே பேசுகிறார்கள். கானல் அவனுக்கு, லென்ஸ் அவனுக்கு, அந்த மௌனமும் அவனுக்கு. சாகிறவனுக்கு என்ன கிடைத்தது என்று தேடிப் பார்த்தேன். கொஞ்சம் முன்னால் ஓர் இடம் இருக்கிறது. தாபாஸ் குடிக்கவில்லை என்று கண்டதும் லாரன்ஸும் குடிக்காமல் தன் குவளைத் தண்ணீரைத் திரும்ப ஊற்றிவிடுகிறான். படத்தைப் பின்னுக்கு ஓட்டி, அந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.