அகதிகள் கட்டிய சபை

ஜேர்மனியின் கிழக்கு ஓரத்தில், சாக்சனி மாநிலத்தில், ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூர் இருக்கிறது. அதை எழுப்பியவர்கள் அந்த மண்ணில் பிறந்தவர்கள் அல்லர். கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் தங்கள் புரட்டஸ்தாந்து விசுவாசத்தை ஒளித்து வாழ வேண்டியிருந்த மொராவியக் குடும்பங்கள் எல்லை கடந்து வந்து, சின்சென்டோர்ப் பிரபுவின் நிலத்தில் தஞ்சம் புகுந்தன. 1722 ஜூன் 17இல் கிறிஸ்டியான் டேவிட் என்ற தச்சர் அங்கே முதல் மரத்தை வெட்டினார். ஒருவரின் விசுவாசம் வளர்வதற்கு, விட்டுப் பிரியாத ஒரு சபை எவ்வளவு தேவை என்பதற்கு இந்த அகதிக் குடியிருப்பின் வரலாறு தெளிவான சான்று.

முதல் ஐந்து ஆண்டுகள் சுமுகமாகக் கழியவில்லை. லூத்தரன், சீர்திருத்த சபைப் பின்னணி உடையோரும் வந்து சேர, 1727இல் சுமார் 300 பேர் அங்கே இருந்தார்கள். ஆராதனை முறை பற்றியும் உபதேசம் பற்றியும் ஓயாத சச்சரவு. ஒரே துன்பத்தைப் பட்டவர்கள் எளிதில் ஒத்துப்போவார்கள் என்பது வெளியே நிற்பவர்களின் எண்ணம். ஆனால் எல்லாவற்றையும் இழந்து விசுவாசத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டு வந்தவர் அதில் ஓர் எழுத்தையும் விட்டுக்கொடுக்க விரும்பமாட்டார். சின்சென்டோர்ப் டிரெஸ்டன் அரசவை வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு ஊரோடு தங்கி, வீடு வீடாகச் சென்று பேசினார். மே 12இல் ஊரார் ஒரு சகோதர உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டனர். மூப்பர் பன்னிருவர் தெரிந்தெடுக்கப்பட்டனர். ஆகஸ்ட் 13இல் பக்கத்து ஊரான பெர்த்தெல்ஸ்டோர்ப் தேவாலயத்தில் நடந்த திருவிருந்தில் பகைத்திருந்தவர்கள் ஒப்புரவானார்கள்.

அந்த ஆகஸ்ட் நாளைத்தான் சபை வரலாறு கொண்டாடுகிறது. ஆனால் அதற்கு முந்திய மூன்று மாதங்கள் அதைவிடக் கவனிக்கத்தக்கவை. மனம் ஒத்துப்போன பிறகு அவர்கள் உடன்படிக்கை செய்யவில்லை. ஒத்துப்போகாத நிலையிலேயே, பிரிந்து போவதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். ஒப்புரவின் அனுபவம் அதன் பின்னரே வந்தது.

அந்த வாக்கைத் தினசரி வாழ்க்கையில் தாங்கிப் பிடிக்கச் சில ஒழுங்குகள் இருந்தன. ஆண்கள் தனியாகவும் பெண்கள் தனியாகவும் சிலர் சிலராகக் கூடி, தங்கள் மனநிலையையும் தவறுகளையும் ஒளிவுமறைவின்றிப் பேசி ஜெபித்தனர். ஆகஸ்ட் 27 முதல் 24 ஆண்களும் 24 பெண்களும் மணிநேரங்களைப் பங்கிட்டுக்கொண்டு இரவும் பகலும் ஜெபிக்கத் தொடங்கினர். அந்தச் சங்கிலி நூறு ஆண்டுகளுக்கு மேல் அறுபடவில்லை. 1728 மே மாதத்திலிருந்து, அன்றைய நாளுக்கென ஒரு வசனம் காலையில் வீடு வீடாகச் சொல்லி அனுப்பப்பட்டது. வசனத்தோடு போனவர் அந்த வீட்டில் யாருக்குச் சுகமில்லை, யார் சோர்ந்திருக்கிறார் என்பதையும் அறிந்து வந்தார். 1731 முதல் புத்தகமாக வெளிவரும் அந்த நாள்வசனத் தொகுப்பு இப்போது 50க்கும் மேற்பட்ட மொழிகளில் அச்சாகிறது.

ஒளிவுமறைவின்றிப் பேசி ஜெபித்த அந்தச் சிறு குழுக்களின் சுவடு யாழ்ப்பாணம்வரை வந்திருக்கிறது. 1738இல் ஹெர்ன்ஹூட்டுக்குச் சென்று தங்கிய ஜோன் வெஸ்லி அந்த முறையை இங்கிலாந்தில் கையாண்டார். அவர் வழிவந்த மெதடிஸ்த மிஷனரிகள் 1814இல் இலங்கையில் இறங்கி, யாழ்ப்பாணத்திலும் பணியைத் தொடங்கினர்.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு, ஹெர்ன்ஹூட் மக்களைப் போலவே அகதிகளாகி ஜேர்மனியில் தஞ்சம் கோரிய ஈழத்தமிழர் பல மாநிலங்களுக்கும் சிறு நகரங்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டனர். வழக்கு முடியும்வரை குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிப் போக அனுமதியும் இருக்கவில்லை. ஊரில் கோயில் மணியும் உறவினர் கண்ணும் காத்துவந்த பக்தி, இங்கே ஒருவரின் அறைக்குள் தனித்து விடப்பட்டது. வீட்டு ஜெபம் அப்படித்தான் உருவானது. சனிக்கிழமை மாலை, மூன்றாம் மாடியில் ஒரு வீடு. வாசலில் சப்பாத்துகள் குவிந்திருக்கும். உணவக வேலை முடித்து எண்ணெய் வாசத்தோடு வந்தவர் கதவோரம் உட்காருவார். மெதடிஸ்தர், தென்னிந்திய திருச்சபையார், பெந்தெகொஸ்தே சபையார் என எல்லாரும் ஒரே பாய்விரிப்பில் இருப்பார்கள். பத்து மணி நெருங்கினால், கீழ்வீட்டுக்காரரை நினைத்துப் பாட்டின் சத்தம் குறையும். பிறகு தேநீரும் ரோல்ஸும்.

விசுவாச வளர்ச்சி பாட்டில் மட்டும் நடப்பதில்லை. இரண்டு வாரம் வராதவரைத் தேடி ஒருவர் போகிறார். தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட கடிதத்தை வாசிக்கத் தெரியாதவருக்கு மற்றொருவர் வாசித்துக் காட்டி, அலுவலகத்துக்கும் கூடப் போகிறார். குடியில் விழுந்தவரிடம் அதை முகத்துக்கு நேரே சொல்லும் உரிமை, அவருக்குச் சுகமில்லாதபோது கஞ்சி கொண்டுபோனவருக்கே உண்டு. பொறுமை, மன்னிப்பு, தாழ்மை ஆகியவற்றைத் தனியறையில் படிக்கலாம், பழக முடியாது. பொறுத்துக்கொள்ள வேண்டிய மனிதர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.

பெருங்கூட்டங்களுக்கும் இடம் உண்டு. ஒல்லாந்து எல்லையை ஒட்டிய கேவெலார் மாதா திருத்தலத்தில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஆயிரக்கணக்கான தமிழர் கூடுகின்றனர். சைவர்களும் நேர்த்தி வைத்து வருகின்றனர். அங்கே கிடைக்கும் ஆறுதல் மெய்யானது. எனினும் ஒருநாள் கூடிக் கலைபவர்கள் ஒருவரையொருவர் திருத்தும் அளவுக்கு நெருங்குவதில்லை.

நெருக்கத்துக்கு ஆபத்தும் உண்டு. காணி, சாதி, இயக்க அரசியல் ஆகிய பழைய பிணக்குகள் விமானத்தில் கூடவே வந்தன. அவற்றால் ஜெபக்குழுக்கள் உடைந்திருக்கின்றன. ஜெபத்தில் சொன்ன இரகசியம் ஊர்ப்பேச்சானால், மனம் திறந்தவர் மறுபடி வாய் திறப்பதில்லை. போதகர் ஒருவரின் சொல்லே இறுதியான சபையில் பொறுப்புக்கூறல் ஒருவழிப்பாதையாகிவிடுகிறது. இந்த ஆபத்துக்கு ஒரு காப்பை ஜேர்மன் வரலாற்றிலேயே காணலாம். நாசி ஆட்சிக்கு எதிரே நின்ற இறையியலாளர் டீட்ரிக் பொன்ஹோஃபர், ஃபிங்கன்வால்டேயில் 1935 முதல் 1937இல் கெஸ்டாபோ மூடும்வரை ஒரு குருமடத்தை நடத்தினார். அங்கே கூட்டு ஜெபத்தோடு, தனியே மௌனமாகத் தியானிக்கும் நேரமும் கட்டாயம். ஹெர்ன்ஹூட்டின் நாள்வசனங்களும் அங்கே வழக்கத்தில் இருந்தன. தனித்திருக்கத் தெரியாதவர் கூட்டத்தில் புகலிடம் தேடக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். சபை பிணைக்க வேண்டும், விழுங்கக்கூடாது என்று கருதும் எவருக்கும் அந்த ஒழுங்கு பயன்படும்.

இப்போதைய சிக்கல் இரண்டாம் தலைமுறை. அவர்களுக்குத் தமிழ்ப் பாட்டு புரியும், பிரசங்கம் பாதிதான் புரியும். பல சபைகள் ஜேர்மன் தேவாலயங்களின் கட்டடத்தைப் பிற்பகலில் வாடகைக்கு எடுத்து ஆராதிக்கின்றன. பெற்றோர் உள்ளே பாடும்போது, இளையோர் பக்கத்து அறையில் ஜேர்மன் மொழியில் வேதம் படித்து, பரீட்சைப் பயத்தையும் வீட்டுச் சண்டையையும் ஒருவருக்கொருவர் சொல்லி ஜெபிக்கிறார்கள். மொழி மாறியதால் அது சபை இல்லை என்று ஆகிவிடாது. இளையோரை மூப்பர் குழுவில் சேர்த்து, திருவிருந்தை இரு மொழியிலும் நடத்தினால், பிள்ளைகள் பெற்றோருக்காக வந்துபோகும் விருந்தாளிகளாக இல்லாமல் அந்தச் சபைக்கே பொறுப்பேற்கும் அங்கத்தினராகின்றனர்.