ஒப்புக்குச் சப்பாணி

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் கோடையில் ஏரி வற்றினால் அதுதான் கிரிக்கெட் மைதானம். ஞாயிற்றுக்கிழமை பைனல் என்றால் சனிக்கிழமை ராத்திரியே கேப்டனுக்குத் தூக்கம் போய்விடும். எதிர் டீமைப் பற்றிய பயமல்ல, ஆள் சேருமா என்ற கவலை. ஒருவனுக்கு ஒரகடத்தில் ஷிப்ட். இன்னொருவனுக்கு அக்கா வீட்டில் காதுகுத்து. கடைசியில் ஒன்பது பேர்தான் வந்து நிற்பார்கள்.

ஒன்பது பேரோடும் ஆடலாம். ஆனால் எட்டாவது விக்கெட் விழுந்தாலே ஆல் அவுட். பீல்டிங்கிலும் இரண்டு ஓட்டை.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1976 ஏப்ரலில் மேற்கிந்தியத் தீவுகளுடன் தொடர் 1-1. கிங்ஸ்டனில் கடைசி டெஸ்ட். எகிறிய பந்துகளில் கெய்க்வாட்டுக்குக் காதில் அடி, விஸ்வநாத்துக்கு விரல் முறிவு, பிரிஜேஷ் படேலுக்கு வாயில் காயம். பீல்டிங்கில் பேடிக்கும் சந்திரசேகருக்கும் கையில் அடி. இரண்டாவது இன்னிங்ஸில் இந்த ஐந்து பேருமே பேட் பிடிக்கவில்லை. 97 ரன்னில் எல்லாம் முடிந்தது, தொடரும் போனது. ஆனால் டூர் போன 17 பேரும் அந்த டெஸ்டில் ஒரு தடவையாவது பீல்டிங்குக்கு இறங்கினார்கள்.

ஏரிக்கரையிலும் அப்படித்தான். தினமும் பந்து பொறுக்கிப்போடும் பொடியனுக்கு 'ஒப்புக்குச் சப்பாணி' என்றுதான் பெயர். பைனல் அன்று அவன் பெயரும் லிஸ்டில் ஏறும். பவுண்டரிப் பக்கம் நின்று ஒரு பந்தைக் காலால் தடுத்துவிட்டால் போதும். கோப்பை வருகிறதோ இல்லையோ, மறுநாளிலிருந்து அவனை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.