வளைந்த அம்பு

போன மே மாதம் திருச்சியில் ஒரு கல்யாணம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். விழுப்புரம் நெருங்கும்போது காருக்குள் ஒவ்வொருவராகக் கொட்டாவி விட ஆரம்பித்தோம். என் மனைவி கல்யாணச் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டாள். ஓட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையும் கண்ணைக் கசக்கியபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஏசி பட்டன்களைப் பார்த்தேன். கார் படத்துக்குள் அம்பு வளைந்திருக்குமே, அந்தப் பட்டனில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மண்டப வாசலில் அழுத்தியது. இரண்டரை மணி நேரமாக ஐந்து பேர் விட்ட மூச்சையே ஐந்து பேரும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

“மாப்பிள்ளை, அந்த அம்பைக் கொஞ்சம் அணைங்க.”

“வெளியே நெருப்பா கொதிக்குது மாமா, கூலிங் போயிடும்.”

அவர் சொன்னதிலும் தப்பில்லை. வெளியே 40 டிகிரி. அந்தக் காற்றை இழுத்துக் குளிர வைப்பதைவிட, ஏற்கெனவே குளிர்ந்த காற்றையே சுற்ற விட்டால் கம்ப்ரஸருக்குப் பாதி உயிர் மிச்சம். பெட்ரோலும் கொஞ்சம் மிச்சம். ஆனால் வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு 420 பங்கு அளவில் இருக்கும் கரியமில வாயு, ஆள் நிறைந்த மூடிய காருக்குள் சில நிமிடங்களிலேயே 1000-ஐத் தாண்டிவிடும். பிறகு ஏறிக்கொண்டே போகும். தலை கனக்கும், கண் சொக்கும். பின்சீட்டில் இருப்பவர் தூங்கலாம், ஸ்டியரிங் பிடித்தவர்?

நான் ஓட்டிப் பழகிய அம்பாசடரில் இந்தக் கவலையே கிடையாது. கதவிடுக்கு வழியாகக் காற்று வரும். மழை பெய்தால் அதுவும் வரும்.

அவ்வப்போது சில நிமிடம் அம்பை அணைத்தாலே போதும். வெயிலில் நிறுத்திய காரில் ஏறியதும் அதை அழுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். வெளியைவிட உள்ளேதான் அனல் அதிகம். அதையா சுற்ற விடுவது? கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டி, அனல் வெளியேறியபின் ஏசி, அதன்பின் அம்பு. நாற்றத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பள்ளிக்கரணைப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும்: குப்பைமேடு வருவதற்கு முன்பே அழுத்த வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால், நாற்றத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

மழையில் கொடைக்கானல் ஏறும்போது கண்ணாடி உள்பக்கம் வெளுத்துப்போனால் பலர் துணியைத் தேடுகிறார்கள். அது நம் மூச்சின் ஈரம். அம்பை அணைத்து, ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பினால் தெளிந்துவிடும். பல கார்களில் கண்ணாடிக்கான பட்டனை அழுத்தினாலே அம்பு தானாக அணைவதும் அதனால்தான்.

ஒன்றை மட்டும் அதட்டியே சொல்வேன். இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டு, நிறுத்திய காருக்குள் தூங்காதீர்கள். புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உள்ளே கசிந்துவிட்டால் அம்பு எந்தப் பக்கம் இருந்தாலும் காப்பாற்றாது.

அன்று மாப்பிள்ளை அரைமனதோடு அணைத்தார். திண்டிவனம் வருவதற்குள் பின்சீட்டில் பேச்சு திரும்பியிருந்தது. பரனூர் டோல்கேட் வரிசையில் லாரிப் புகைக்கு நடுவே நின்றபோது அவரே அம்பை அழுத்தினார். தாண்டி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், பின்னாலிருந்து பேத்தியின் குரல்:

“அப்பா, அம்பு!”