திரும்பி நின்ற எழுத்து

எங்கிருந்து வந்ததென எவரும் அறியாத பழந்துப்பாக்கி ஒன்று ஆய்வாளரின் மேசையை அடைகிறது. தோற்றத்தில் அது மார்ட்டினி-ஹென்றி. 1871இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட, ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டா மட்டும் இட்டுச் சுடும் நீள்துப்பாக்கி. பக்கவாட்டில் மணிமுடி, அதன்கீழ் விக்டோரியா அரசியைக் குறிக்கும் 'வி.ஆர்.' என்னும் எழுத்துகள். தொடர்ந்து என்பீல்டு தொழிற்சாலையின் பெயரும் ஆண்டும். இத்தனை சான்றுகள் இருக்க ஐயம் எதற்கு?

ஐயம் அச்சான்றுகளிலேயே பிறக்கிறது. அரசி மறைந்தது 1901இல். பொறித்த ஆண்டோ அதற்குப் பிற்பட்டது. என்பீல்டு என்னும் ஆங்கிலச் சொல்லில் வரும் 'என்' எழுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி நிற்கிறது. உலோகத்தின்மேல் அரம் ராவிய தடங்கள் வேறு.

பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் என்றோர் ஊர் உண்டு. அங்கும் கைபர் கணவாயை ஒட்டிய பிற மலையூர்களிலும் கொல்லர்கள் இத்தகைய துப்பாக்கிகளைக் கையாலேயே செய்தனர். ஆங்கிலம் அறியாத கொல்லருக்கு அவ்வெழுத்து ஓர் ஓவியம். கண்டவாறு பொறித்தார், சற்றே பிறழ்ந்தது. போலி என ஒதுக்குவது எளிது. ஆனால் அரமும் உளியும் கொண்டு, இயங்கும் துப்பாக்கியையே ஆக்கிய கைத்திறனை அச்சொல் மறைத்துவிடுகிறது. எத்துணைத் தேடினும் அவர் பெயர் அதில் இல்லை.

ஆய்வாளர் தம் குறிப்பில் ஊரின் பெயருக்கு முன்பே 'சுடலாகாது' என எழுதுகிறார். கிடைத்த இரும்பைக் கொண்டு செய்த குழல் அது. அதன் வலிமையை முத்திரை சொல்லாது. வெடித்தால், சுடுபவரின் முகத்தருகே வெடிக்கும்.