மணி பன்னிரண்டு ஆச்சா?



வெளியூர்க்காரங்ககிட்ட திருக்கழுக்குன்றம்னு சொன்னால் அடுத்து என்ன கேட்பாங்க? "கழுகு இப்பவும் வருதா?" அதுதானே! வேதகிரீஸ்வரர் மலையில் உச்சிவேளைக்கு இரண்டு பறவைகள் வந்து, குருக்கள் வைக்கும் பிரசாதத்தைச் சாப்பிட்டுப் போகும். அதனால்தான் நம்ம ஊருக்குப் பட்சி தீர்த்தம் என்றும் ஒரு பெயர். 1990-களின் கடைசியில் அந்த வருகை நின்றுபோனது. அப்போது இந்தப் பள்ளியில் இப்போது படிக்கிற நாம் யாரும் பிறக்கவே இல்லை.

அந்தப் பறவையை நாம் கழுகு என்று சொல்கிறோம். ஆனால் அது பாறு இனம். மஞ்சள்முகப் பாறு என்று பெயர். உடம்பு வெள்ளை, இறக்கை ஓரம் கறுப்பு, முகம் மஞ்சள். வால் ஆப்பு மாதிரி கூம்பி இருக்கும். நம் வானத்தில் தினமும் சுற்றுகிற கரும்பருந்துக்கு வால் நடுவில் பிளந்திருக்கும். இதை வைத்தே தூரத்தில் இருந்து பிரித்துச் சொல்லலாம்.

எங்க ஆயா அந்த ஜோடியை எத்தனையோ தடவை பார்த்தவர். "அப்போ எங்களுக்குக் கடிகாரமே வேணாம்டி. கழுகு வந்துச்சுன்னா மணி பன்னண்டு" என்பார். இப்பவும் பகல் ஆனால் மலையை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். "யாரும் பாக்காத நேரத்துல வந்துட்டுப் போவுதோ இன்னாவோ" என்று ஒரு நாள் கேட்டார். அந்தக் கேள்விக்கு நானும் என் தோழியும் பதில் தேடிய கதைதான் இது.

பகல் 12 மணிக்கு நாம் வகுப்பில் இருப்போம். ஆகவே கேமராவே தானாக எடுக்க வேண்டும். ஸ்டுடியோ வைத்திருக்கும் மாமா தன் பழைய டிஜிட்டல் கேமராவைத் தந்தார். அண்ணாவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப் இருந்தது. அதில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் உண்டு. லினக்ஸில் ஜிபோட்டோ2 என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. யூஎஸ்பி வயர் மூலம் கேமராவுக்கு "எடு" என்று கட்டளை கொடுக்கும். அதை நேரம் பார்த்து ஓட்டுவதற்குப் பைத்தான். (பாம்பு என்று நினைக்காதீங்க! 1991-ல் கைடோ வான் ரோஸம் வெளியிட்ட இந்த மொழிக்கு, இங்கிலாந்து டிவியில் வந்த மான்டி பைத்தான் என்ற காமெடி நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்.) 12-ஆம் வகுப்பு கணினி அறிவியலில், பைத்தானுக்குள் இருந்து சி++ நிரலை ஓட்டும் பாடம் வருகிறதே, அதில் படித்த ஓஎஸ்.சிஸ்டம் என்ற ஒரே வரிதான் இங்கேயும் வேலை செய்தது. பரீட்சைக்கு மட்டும் என்று எந்தப் பாடத்தையும் ஒதுக்காதீங்க!

திட்டம் இதுதான். காலை ஆறேகாலுக்கு மாடிப்படி ரூம் ஜன்னலில் கேமராவை மலையைப் பார்த்து வைத்துவிட வேண்டும். பகல் 12 முதல் 12.30 வரை 30 நொடிக்கு ஒரு படம். ஆக 60 படம்.

கேட்க சுலபமா இருக்கு, இல்லையா? வரிசையாகப் பிரச்சினை வந்தது.

முதல் பிரச்சினை: "யூஎஸ்பி சாதனத்தைப் பிடிக்க முடியவில்லை" என்று பிழைச் செய்தி. வயரை மாற்றினோம், சரியாகவில்லை. உண்மை என்னவென்றால், வயர் சொருகியதும் லினக்ஸ் தானாகவே கேமராவைப் பென் டிரைவ் மாதிரி திறந்து வைத்துக்கொள்கிறது. ஒரு கேமராவை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பிடிக்க முடியும். முதலில் பிடித்திருப்பதை நிறுத்திவிட்டு அப்புறம் ஜிபோட்டோவைக் கூப்பிட்டதும் வேலை செய்தது.

இரண்டாவது: 12 மணிக்குக் கேமரா தூங்கிவிட்டிருந்தது. சும்மா இருந்தால் தானே அணைந்துபோகும் வசதி அதில் உண்டு. மெனுவில் போய் அதை நிறுத்தினோம்.

மூன்றாவது: 60 படத்துக்கு 22 படம்தான் இருந்தது. ஆனால் திரையில் மட்டும் "எடுத்தாச்சு" என்று 60 தடவை! வெறும் வானத்தைப் பார்த்தால் ஆட்டோ ஃபோகஸுக்குப் பிடிப்பு கிடைக்காது, அதனால் கேமரா கிளிக் ஆகாது. மாமா லென்ஸைக் கைமுறை ஃபோகஸுக்கு மாற்றி, மலைக் கோபுரத்துக்குச் சரிபார்த்து, அசையாமல் டேப் ஒட்டினார். கம்ப்யூட்டர் மிஸ் இன்னொரு விஷயம் சொன்னார். ஓஎஸ்.சிஸ்டம் ஒவ்வொரு தடவையும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 வந்தால் வெற்றி, வேறு எண் வந்தால் தோல்வி. அந்த எண்ணைப் பார்த்த பிறகே "எடுத்தாச்சு" என்று எழுதும்படி நிரலில் சேர்த்தோம்.

நாலாவதுதான் எங்களை அலைக்கழித்தது. திங்கள், செவ்வாய் படமெல்லாம் அருமை. புதன்கிழமைப் படத்தின் பெயரிலும் 12 மணி என்றுதான் இருந்தது. ஆனால் மலையின் வலப்பக்கம் மட்டும் வெயில், இடப்பக்கம் இருட்டு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல் நீளமாக மேற்கே கிடந்தது. உச்சிவேளையில் நிழல் அப்படி நீளுமா? கம்ப்யூட்டர் 12 என்கிறது, சூரியன் இல்லை என்கிறது. யாரை நம்புவது?

சாயங்காலம் செல்போன் நெட் கொடுத்துப் பார்த்தால் லேப்டாப் கடிகாரம் சரியாகவே இருந்தது. ஆகவே ஒரு நோட்டில் தேதிவாரியாகக் குறித்தோம். எந்த நாள் சரி, எந்த நாள் தப்பு, முந்தின ராத்திரி லேப்டாப்பில் யார் என்ன செய்தார்கள் என்று. இரண்டாவது வாரத்தில் விஷயம் பிடிபட்டது. தம்பி ராத்திரி விண்டோஸில் கேம் ஆடிய மறுநாள்தான் தப்பு! "டைம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டுச்சுக்கா, நான்தான் சரி பண்ணி வெச்சேன்" என்றான்.

அஞ்சரை! அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. லேப்டாப்புக்குள் பேட்டரியில் ஓடும் ஒரு சின்னக் கடிகாரம் உண்டு. அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொண்டு, இந்தியாவுக்காக 5.30 மணி கூட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரு வகையில் சரிதான், ஆனால் ஒன்றாகக் குடித்தனம் பண்ணும்போது சண்டை. தம்பி விண்டோஸில் சரிசெய்த நேரத்தோடு லினக்ஸ் இன்னொரு அஞ்சரையைக் கூட்டியது. அதனால் காலை 6.30-க்கே அதற்கு 12 மணி ஆகிவிட்டது. நெட் கிடைத்ததும் தானாகத் திருத்திக்கொண்டதால், சாயங்காலம் பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. "பெட்டிக்குள் இருப்பது உள்ளூர் நேரம்" என்று லினக்ஸுக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தோம். தீர்ந்தது!

நண்பர்களே, இதில் எனக்குப் பயமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த நிழலைக் கவனிக்காமல் விட்டிருந்தால், விடியற்காலை வானத்தைக் காட்டி "பகல் 12 மணிக்குப் பறவை வரவில்லை" என்று ஆயாவிடம் சொல்லியிருப்போம். இல்லை என்று சொல்வதற்கும் ஆதாரம் சரியாக இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு 14 நாட்கள், 840 படங்கள். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தோம். காகம், புறா, கரும்பருந்து. ஒரு படத்தில் வெள்ளையாக ஒன்று தெரிந்ததும் தோழி கத்தியேவிட்டாள். பார்த்தால் கொக்கு! பாறு ஒன்றுகூட இல்லை.

மாட்டுக்கு வலி தீரப் போடும் டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்னும் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்கிறது என்று 2004-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். 2006-ல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் பாறுகளுக்கு இன்று முக்கியப் புகலிடம் நீலகிரிப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு.

840 படத்தையும் பற்றி ஆயாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "யாராச்சும் பாத்துக்கினு இருக்கீங்களே, அது போதும்" என்றார்.

மலையடிவாரத்தில் மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளே, மாட்டுக்கு ஊசி போடும்போது என்ன மருந்து என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேமரா வேண்டுபவர்கள் கம்ப்யூட்டர் லேபில் எங்களைப் பாருங்கள். நிரலை இலவசமாகத் தருகிறோம். ஆனால் ஓட்டும் முன் வெளியே வந்து உங்கள் நிழலைப் பார்த்து மணி சரியா என்று தெரிந்துகொள்ளுங்கள்!

— 12-ஆம் வகுப்பு மாணவி, கணினி அறிவியல் பிரிவு